திரையில் 39 கோடி; பெட்டியில் 6 கோடி!

ஆன்லைன் போக்கர் கூடத்தை எடை போடுவது எப்படி?

ஆறு பேர் சீட்டு ஆடுகிறார்கள். ஒருவர் லண்டனில் இருக்கிறார். இன்னொருவர் கனடாவில் இருக்கிறார். மற்ற நால்வரும் நான்கு ஊர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது இல்லை. மேஜை கிடையாது. சீட்டுக் கட்டும் கிடையாது. ஆனால் பணம் மட்டும் உண்டு!

இதுதான் ஆன்லைன் போக்கர். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம். இதை நடத்தும் கம்பெனிக்குப் 'போக்கர் கூடம்' என்று பெயர்.

புதிதாக ஆட வருகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? பளபளக்கும் படங்களைப் பார்க்கிறார்கள். 'சேர்ந்தவுடன் பரிசு' என்ற விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதுவல்ல. கட்டிய பணம் எங்கே இருக்கிறது? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் 'சீட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆடுகிற சீட்டு ஒன்று. மாதா மாதம் கட்டுகிற சீட்டு மற்றொன்று. ஆடுகிற சீட்டில் தோற்றால், தோற்றது அப்போதே தெரிந்துவிடும். கட்டுகிற சீட்டில் பணம் போனால், கம்பெனியின் கதவு மூடுகிற நாள் வரை தெரியாது. ஆன்லைன் போக்கரில் இந்த இரண்டு ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன!

ஆட்டம் என்ன?

போக்கரில் பல வகை உண்டு. அதிகமாக ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டம்' என்ற வகை. 52 சீட்டுகளை வைத்து ஆடுவது. ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு கிடைக்கும். அதை அவர் மட்டுமே பார்க்கலாம். பிறகு நடுவே 5 சீட்டுகள் திறக்கப்படும். முதலில் 3. அப்புறம் 1. கடைசியில் 1. அந்த 5 சீட்டும் எல்லோருக்கும் பொது. கையில் உள்ள 2, நடுவில் உள்ள 5, ஆக 7 சீட்டுகளில் இருந்து சிறந்த 5 சீட்டுகளைச் சேர்த்தவருக்கே வெற்றி.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். கட்ட மனம் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கையில் ஒன்றும் இல்லாதவர் பெரிய பந்தயம் கட்டி, மற்றவர்களைப் பயமுறுத்தி விலக வைப்பதும் உண்டு. இந்தப் 'பாவ்லா'தான் போக்கரின் உயிர்.

இதில் கம்பெனி ஆடுவது இல்லை. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஆடுகிறார்கள். ஒருவர் இழந்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். கம்பெனி இடம் கொடுக்கிறது. அதற்குக் கமிஷன் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே கம்பெனியின் கடமை இரண்டுதான். சீட்டை ஒழுங்காகப் போட வேண்டும். பணத்தை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டிலுமே மோசடி நடந்திருக்கிறது.

86 டாலருக்கு 25 லட்சம்!

உண்மைப் பணம் வைத்து ஆடும் முதல் போக்கர் இணையதளம் 1998-ம் ஆண்டில் தொடங்கியது. அதன் பெயர் பிளானட் போக்கர். அப்போது அதில் ஆடியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2003-ம் ஆண்டில் எல்லாம் மாறியது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் கணக்கர் வேலை பார்த்தவர் கிரிஸ் மனிமேக்கர். அவருக்கு 27 வயது. 'மனிமேக்கர்' என்பது பட்டப்பெயர் அல்ல. அவருடைய குடும்பப் பெயரே அதுதான்! அவர் 'போக்கர்ஸ்டார்ஸ்' என்ற கூடத்தில் 86 டாலர் கட்டி ஒரு போட்டி ஆடினார். ஜெயித்தார். உலகப் போக்கர் போட்டியில் கலந்துகொள்ள இடம் கிடைத்தது. அந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் மட்டும் 10 ஆயிரம் டாலர்!

லாஸ்வேகாஸ் நகரில் 839 பேர் மோதினார்கள். மனிமேக்கர் முதல் பரிசு பெற்றார். 25 லட்சம் டாலர்!

அவ்வளவுதான். 'ஒரு கணக்கருக்கு முடிந்தது, நமக்கு முடியாதா?' என்று ஆயிரக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். 839 பேர் ஆடிய அதே உலகப் போட்டியில் 2006-ம் ஆண்டில் 8,773 பேர் ஆடினார்கள். போக்கர் கூடங்களில் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது.

கறுப்பு வெள்ளிக்கிழமை

அமெரிக்க அரசாங்கம் இதைப் பார்த்துக்கொண்டு இருந்தது. 2006-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு சட்டம் வந்தது. சட்ட விரோதமான இணையச் சூதாட்டத்துக்குப் பாங்கிகள் பணப் பட்டுவாடா செய்யக்கூடாது என்று அந்தச் சட்டம் கூறியது. சில கம்பெனிகள் அமெரிக்காவை விட்டு வெளியேறின. சில கம்பெனிகள் அங்கேயே நின்றன.

2011-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ந் தேதி. வெள்ளிக்கிழமை. போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட் போக்கர், அப்சல்யூட் போக்கர் ஆகிய 3 பெரிய கூடங்களின் இணையதள முகவரிகளை அரசாங்கம் கைப்பற்றியது. ஆட வந்தவர்கள் திரையில் கண்டது சீட்டு அல்ல. அமெரிக்க அரசாங்கத்தின் முத்திரை!

11 பேர் மீது நியூயார்க்கில் வழக்கு. போக்கர் பணத்தை நகை விற்ற பணம் என்றும், கோல்ப் பந்து விற்ற பணம் என்றும் பொய்க் கணக்கு எழுதி, பாங்கிகளை ஏமாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர்கள் இன்றும் அந்த நாளைக் 'கறுப்பு வெள்ளி' என்றே சொல்கிறார்கள்.

ஒரே நாள், இரண்டு கதை

இனிமேல்தான் பாடம் இருக்கிறது.

ஆட்டம் நின்றது. சரி. கட்டிய பணம் என்ன ஆயிற்று? ஏப்ரல் 20-ந் தேதி அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. போக்கர்ஸ்டார்சுக்கும் ஃபுல் டில்ட்டுக்கும் இணையதள முகவரியைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பதற்காகவே கொடுத்தது.

போக்கர்ஸ்டார்ஸ் சில வாரங்களில் பணத்தைக் கொடுத்தது. ஃபுல் டில்ட் கொடுக்கவில்லை. ஏன்? கொடுக்கப் பணம் இல்லை!

செப்டம்பர் மாதம் அரசாங்க வக்கீல் கோர்ட்டில் தாக்கல் செய்த மனுவில் கணக்கு வெளிவந்தது. 2011-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி நிலவரப்படி, ஃபுல் டில்ட் உலகம் முழுவதும் உள்ள ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது சுமார் 39 கோடி டாலர். பாங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர்!

மீதி எங்கே போயிற்று?

கம்பெனியின் சொந்தக்காரர்களும் டைரக்டர்களும் 4 ஆண்டுகளில் சுமார் 44 கோடி டாலர் பங்கு எடுத்துக்கொண்டார்கள் என்று அந்த மனு கூறியது. இன்னொரு விந்தையும் அதில் இருந்தது. பாங்கிகள் நெருக்கியதால், ஆட்டக்காரர்களின் கணக்கில் இருந்து பணத்தை எடுக்கக் கம்பெனியால் முடியவில்லை. ஆனாலும் 'பணம் வந்துவிட்டது' என்று திரையில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இப்படி வராத பணத்துக்கு வரவு வைத்த தொகை சுமார் 13 கோடி டாலர்!

இதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் 100 டாலர் கட்டியதாகத் திரை சொல்கிறது. அந்த 100 டாலர் கம்பெனிக்கு வரவே இல்லை. அதை அவர் இன்னொருவரிடம் தோற்கிறார். ஜெயித்தவர் 100 டாலர் கேட்கிறார். எதைக் கொடுப்பது? அடுத்து வருகிறவர் கட்டும் பணத்தில் இருந்துதான் கொடுக்க வேண்டும். சீட்டுக் கம்பெனிகள் கவிழ்வதும் இப்படித்தான்.

'ஆட்டக்காரர்களின் பணம் பத்திரமாக இருக்கிறது' என்றே கம்பெனி கடைசி வரை கூறி வந்தது. அதன் தலைமை நிர்வாகி 2013-ம் ஆண்டில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

முடிவு என்ன? 2012-ம் ஆண்டு ஜூலை மாதம் அரசாங்கத்துடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, போக்கர்ஸ்டார்ஸ் அரசாங்கத்துக்கு 54 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்க இசைந்தது. ஃபுல் டில்ட்டையும் தானே எடுத்துக்கொண்டது. மற்ற நாட்டு ஆட்டக்காரர்களுக்காக 18 கோடியே 40 லட்சம் டாலர் ஒதுக்கியது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் வரத் தொடங்கியது 2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஏறத்தாழ 3 ஆண்டு காத்திருப்பு! அப்சல்யூட் போக்கரில் கட்டியவர்கள் 2017-ம் ஆண்டு வரை காத்திருந்தார்கள்.

ஒரே நாள். ஒரே வழக்கு. ஒரு கூடத்தில் கட்டியவர் சில வாரங்களில் வாங்கினார். மற்றொரு கூடத்தில் கட்டியவர் 3 ஆண்டு, 6 ஆண்டு தவித்தார். வித்தியாசம் சீட்டில் இல்லை; பெட்டியில் இருந்தது.

முதல் சோதனை: பெட்டிச் சாவி யாரிடம்?

ஆகவே போக்கர் கூடத்தை எடை போடுவதில் முதல் கேள்வி இது: ஆட்டக்காரர் பணமும் கம்பெனிப் பணமும் தனித்தனியாக இருக்கின்றனவா?

திரையில் தெரியும் எண் பணம் அல்ல. 'கேட்டால் தருகிறேன்' என்று கம்பெனி எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. அந்தக் கடனைத் தீர்க்கப் பணம் தனியாக இருக்க வேண்டும். கம்பெனியின் வாடகைக்கும் சம்பளத்துக்கும் விளம்பரத்துக்கும் அதைத் தொடக்கூடாது.

பிரிட்டனில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. கம்பெனி திவாலானால் ஆட்டக்காரரின் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதைக் கம்பெனியே எழுதிக் காட்ட வேண்டும். அதில் மூன்று படிகள்: 'பாதுகாப்பு இல்லை', 'நடுத்தரப் பாதுகாப்பு', 'உயர்ந்த பாதுகாப்பு'. லைசென்ஸ் பெற்ற கம்பெனியே 'பாதுகாப்பு இல்லை' என்று எழுதியிருக்கலாம்! நிபந்தனைகளைப் படிக்காதவர்களுக்கு அது தெரியாது. ஆகவே அந்த ஒரு வரியையாவது தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. பெட்டியில் அதிகப் பணம் விட்டு வைக்காமல் இருப்பது. அன்றைய ஆட்டத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு, மீதியை உடனே திரும்ப வாங்கிவிட வேண்டும். ஃபுல் டில்ட்டில் அதிகமாக மாட்டிக்கொண்டவர்கள் தோற்றவர்கள் அல்ல. ஜெயித்த பணத்தை அங்கேயே விட்டு வைத்தவர்கள்தான்!

இரண்டாவது சோதனை: காவல்காரர் யார்?

ஒவ்வொரு கூடமும் 'எங்களுக்கு லைசென்ஸ் உண்டு' என்று சொல்லும். யார் கொடுத்த லைசென்ஸ்? அதுதான் கேள்வி.

ஃபுல் டில்ட்டுக்கும் லைசென்ஸ் இருந்தது. ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஆல்டர்னி என்ற சிறிய தீவு கொடுத்தது. அந்தத் தீவின் ஆணையம் ஃபுல் டில்ட் லைசென்சை நிறுத்தி வைத்தது 2011-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி. அதாவது, அமெரிக்க அரசாங்கம் கதவைப் பூட்டி இரண்டரை மாதம் ஆன பிறகு!

அமெரிக்காவில் இப்போது முறை வேறு. 2013-ம் ஆண்டில் நெவாடா, டெலவேர், நியூஜெர்சி ஆகிய மாநிலங்கள் சட்டப்படி ஆன்லைன் போக்கரைத் தொடங்கின. பிறகு இன்னும் சில மாநிலங்கள் சேர்ந்தன. ஆட்டக்காரர் அந்த மாநிலத்தின் எல்லைக்குள் இருக்கிறாரா என்று சோதித்த பிறகே ஆட விடுகிறார்கள். தகராறு வந்தால் மாநில அரசு அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

ஆகவே கேட்க வேண்டியது இது: பணம் தராவிட்டால் எந்த ஆபீசுக்குப் போவது? அந்த ஆபீஸ் ஆட்டக்காரர் வாழும் நாட்டில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத கூடத்தில் மற்ற சோதனைகளே தேவை இல்லை.

மூன்றாவது சோதனை: சீட்டைக் கலைப்பது யார்?

வீட்டில் ஆடும்போது கையால் கலைக்கிறோம். எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இணையத்தில் கம்ப்யூட்டர் கலைக்கிறது. அது சரியாகக் கலைக்கிறதா?

1999-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. பிளானட் போக்கர் பயன்படுத்திய மென்பொருளைச் செய்த கம்பெனி, 'நாங்கள் நேர்மையாகக் கலைக்கிறோம், பாருங்கள்!' என்று கலைக்கும் முறையையே வெளியிட்டது. அமெரிக்க மென்பொருள் நிபுணர்கள் சிலர் அதைப் படித்தார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

52 சீட்டுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் தெரியுமா? 8 என்று எழுதி, அதன் பக்கத்தில் 67 பூஜ்யம் போட வேண்டும். அவ்வளவு விதம்! ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்துக் கலைத்தது. நள்ளிரவில் இருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்ற எண்ணை வைத்தே சீட்டுகளை அடுக்கியது. ஒரு நாளில் உள்ள மில்லி விநாடிகள் 8 கோடியே 64 லட்சம். அதற்கு மேல் புது அடுக்கு கிடையாது. கடிகார நேரத்தையும் ஊகித்துவிட்டால், சுமார் 2 லட்சம் அடுக்குகளில் தேடினால் போதும். தன் கையில் உள்ள 2 சீட்டும், நடுவில் விழுந்த 3 சீட்டும் தெரிந்தால், எல்லோருடைய சீட்டையும் கம்ப்யூட்டர் சொல்லிவிடும்!

நிபுணர்கள் இதைப் பயன்படுத்திப் பணம் சேர்க்கவில்லை. ஊருக்குச் சொன்னார்கள்.

இப்போது நல்ல கூடங்கள் கடிகாரத்தை நம்புவது இல்லை. யாராலும் ஊகிக்க முடியாத எண்களை உண்டாக்கும் கருவிகளை வைத்திருக்கின்றன. வெளியே உள்ள சோதனைக் கூடங்கள் அவற்றைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கின்றன. அந்தச் சான்று யார் கொடுத்தது, எந்த ஆண்டு கொடுத்தது என்று பார்க்க வேண்டும்.

நான்காவது சோதனை: எதிரே இருப்பது யார்?

கலைப்பது நேர்மையாக இருந்தாலும் போதாது. அப்சல்யூட் போக்கரில் நடந்ததைக் கேளுங்கள்.

2007-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே ஒரு போட்டி நடந்தது. ஜெயித்தவர் ஆடிய விதம் அதிசயமாக இருந்தது. எதிரியிடம் நல்ல சீட்டு இருந்தால் விலகினார். எதிரியிடம் ஒன்றும் இல்லை என்றால், தன்னிடமும் ஒன்றும் இல்லாதபோதே துணிந்து பந்தயம் கட்டினார். தோற்ற ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. ஆட்டப் பதிவைக் கேட்டார்.

கம்பெனி அனுப்பிய பதிவில், வழக்கத்துக்கு மாறாக, எல்லோருடைய சீட்டும் இருந்தது. யார் யார் ஆட்டத்தை வேடிக்கை பார்த்தார்கள் என்ற விவரமும் இருந்தது. ஆட்டக்காரர்களே உட்கார்ந்து துப்புத் துலக்கினார்கள். வேடிக்கை பார்த்த ஒரு கணக்கில் இருந்து எல்லோர் சீட்டையும் பார்க்க முடிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஓட்டை கம்பெனிக்கு உள்ளேயே இருந்தது!

அல்டிமேட் பெட் என்ற மற்றொரு கூடத்திலும் இதே மோசடி 2008-ம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு கூடங்களுக்கும் லைசென்ஸ் கொடுத்தது கனடாவில் உள்ள கானவாக்கே ஆணையம். அது அப்சல்யூட் போக்கருக்கு 5 லட்சம் டாலரும், அல்டிமேட் பெட்டுக்கு 15 லட்சம் டாலரும் அபராதம் போட்டது.

வெளி ஆட்டக்காரர்கள் செய்யும் தந்திரமும் உண்டு. ஒரே மேஜையில் இருவர் கூட்டுச் சேர்ந்து, போனில் சீட்டைச் சொல்லிக்கொள்ளலாம். ஒருவரே பல பெயரில் ஆடலாம். இப்போது இயந்திரமும் ஆடுகிறது! 2017-ம் ஆண்டில் 'லிப்ராட்டஸ்' என்ற கம்ப்யூட்டர் பிட்ஸ்பர்க் நகரில் 4 கைதேர்ந்த ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. 2019-ம் ஆண்டில் 'புளூரிபஸ்' என்ற கம்ப்யூட்டர் 6 பேர் ஆடும் மேஜையிலும் நிபுணர்களை ஜெயித்தது. அவை ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் சின்ன இயந்திரங்களைத் திருட்டுத்தனமாக மேஜையில் உட்கார வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

நல்ல கூடத்தின் அடையாளம் என்ன? ஆட்டப் பதிவைக் கேட்டால் கொடுக்கும். ஏமாற்றியவர்களைப் பிடிக்கத் தனி ஆட்கள் வைத்திருக்கும். பிடித்த பிறகு, ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும். இந்த மூன்றும் நிபந்தனைகளில் எழுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது சோதனை: கமிஷன் எவ்வளவு?

இது கண்ணுக்குத் தெரியாத செலவு. ஒரு கணக்குப் போடுவோம்.

6 பேர், ஆளுக்கு 100 டாலர். மேஜையில் மொத்தம் 600 டாலர். ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சராசரியாக 10 டாலர் சேர்கிறது. கம்பெனி நூற்றுக்கு 5 வீதம் எடுக்கிறது. அதாவது, ஆட்டத்துக்கு அரை டாலர். அரை டாலர்தானே? ஒரு மணி நேரத்தில் 60 ஆட்டம். 30 டாலர் போயிற்று. 20 மணி நேரத்தில்? 600 டாலர்! யாரும் யாரையும் ஜெயிக்காமல் சமமாகவே ஆடினாலும், மேஜையில் இருந்த மொத்தப் பணமும் கம்பெனிக்குப் போய்விட்டது!

ஆகவே எதிரியை விடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. கமிஷனையும் கடந்து ஜெயிக்க வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்த பலர் ஆண்டுக் கணக்குப் பார்க்கும்போது நஷ்டத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நூற்றுக்கு எவ்வளவு, ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். சிறிய பந்தய மேஜைகளில் கமிஷனின் பாரம் அதிகமாக இருக்கும். புதியவர்கள் உட்காருவதும் அங்கேதான்!

ஆறாவது சோதனை: பணம் வெளியே வருமா?

பணம் உள்ளே போக ஒரு நிமிஷம் போதும். வெளியே வர?

இதை அறிய ஒரு வழி உண்டு. சிறு தொகை கட்டுங்கள். கொஞ்சம் ஆடுங்கள். பாதியைத் திரும்பக் கேளுங்கள். எத்தனை நாளில் வருகிறது, எவ்வளவு பிடிக்கிறார்கள், என்னென்ன தாள்கள் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டும்போது கேட்காத தாள்களை எடுக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்டால், உஷார்!

'100 டாலர் கட்டினால் 100 டாலர் இனாம்' என்ற விளம்பரத்தையும் நம்பிவிடக்கூடாது. அந்த இனாம் உடனே கைக்கு வராது. ஆடி ஆடிக் கமிஷன் கட்டினால்தான் சிறிது சிறிதாக அவிழும். குறித்த நாளுக்குள் ஆடாவிட்டால் மறைந்துவிடும். இனாமுக்காக அதிகம் ஆடி, கட்டியதையும் இழந்தவர்கள் உண்டு.

ஏழாவது சோதனை: பிரேக் இருக்கிறதா?

வண்டி வாங்குகிறவர் பிரேக்கைப் பார்க்காமல் வாங்குவாரா?

'ஒரு வாரத்தில் இவ்வளவுக்கு மேல் கட்டமாட்டேன்' என்று முன்கூட்டியே எல்லை போட வசதி வேண்டும். 'என்னை 6 மாதம் உள்ளே விடாதே' என்று எழுதிக் கொடுக்கவும் வசதி வேண்டும். பிரிட்டனில் 'கேம்ஸ்டாப்' என்ற பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் கொடுத்தால், அந்நாட்டில் லைசென்ஸ் பெற்ற எல்லா இணையச் சூதாட்டக் கம்பெனிகளும் அவரை வெளியே நிறுத்த வேண்டும். கிரெடிட் கார்டில் கடன் வாங்கிச் சூதாடுவதை 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நாடு தடை செய்துவிட்டது. கடன் வாங்கி ஆடுகிறவர் எங்கே போய் நிற்பார் என்பதை அரசாங்கமே கண்டுகொண்டது.

பிரேக் இருக்கும் இடத்தைக் கம்பெனி மறைத்து வைத்திருந்தால், அந்தக் கூடத்துக்கு வேண்டியது ஆட்டக்காரர் அல்ல. அவர் பணம் மட்டுமே.

நம் நாட்டில் என்ன நிலை?

இந்தச் சோதனைகள் எல்லாம் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்கிறவர்களுக்கு. அங்கே தமிழர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் கதை வேறு.

ஆன்லைன் ஆட்டத்தில் பணம் இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தமிழ்நாட்டை உலுக்கின. 2022-ம் ஆண்டில் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அதன் பிறகு ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாராளுமன்றமும் ஒரு சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம், திறமை ஆட்டமாக இருந்தாலும் சரி, அதிர்ஷ்ட ஆட்டமாக இருந்தாலும் சரி, தடை என்று அது கூறுகிறது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவர்களுக்கு அதில் தண்டனை இல்லை. 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். பெரிய கம்பெனிகள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டன.

அதற்குப் பிறகும் செல்போனில் 'வாருங்கள், போக்கர் ஆடுங்கள்!' என்று அழைப்பு வந்தால்? அந்தக் கூடம் வேறு தேசத்தில் இருக்கும். பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்று தெரியாது. சாவி யாரிடம் என்று தெரியாது. பணம் தராவிட்டால் போய்க் கேட்க ஆபீசும் இல்லை. முதல் சோதனையிலும் இரண்டாவது சோதனையிலும் தோற்றுவிட்ட கூடம் அது. மற்ற ஐந்தைப் பார்க்க வேண்டியதே இல்லை.

ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் அதை மீட்பதற்காக மேலும் கட்டக்கூடாது. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, அவ்வளவு நல்லது. மனம் உடைந்தவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் உள்ளவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போன பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். மறைத்த கடன்தான் வட்டியோடு வளரும்.